நாலு நூல்

எட்டடி நீளப் படகு ஒன்றை வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் செய்து முடித்து, மாசி மாதம் பழைய மனோரா கோபுரம் இருக்கும் கடற்கரையில் தண்ணீரில் இறக்கியாயிற்று. பார்க்க வருகிறவர்கள் வழக்கமான கேள்விகளைக் கேட்கிறார்கள். எவ்வளவு செலவாச்சு, எத்தனை பேர் உட்காரலாம், மோட்டார் வைக்க முடியுமா. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன்: 25,000 ரூபாய்க்குள், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும், வைக்க மாட்டேன். எங்கள் தெரு ஆசாரி கேட்டதற்குத்தான் பதில் சொன்ன திருப்தி இன்னும் வரவில்லை. "ஒட்டி முடிச்சு கல்லு மாதிரி நின்ன படகை எதுக்குண்ணே பிரிச்சீங்க? அரை அங்குலக் கோணல்தானே?" என்றார். அன்றைக்கு ஏதோ சொல்லி அனுப்பினேன். அது போதவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

பட்டுக்கோட்டையில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மாசியிலிருந்து வைகாசி வரை நிமிர நேரம் இருக்காது. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் வயலெல்லாம் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும், மும்முனை மின்சாரம் ஏறி இறங்கும், எரிந்துபோன மோட்டார்கள் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டிப் புதாற்றில் (கல்லணைக் கால்வாயில்) தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டால் மோட்டாருக்கு ஓய்வு, எனக்கும் ஓய்வு. அந்த ஓய்வில்தான் படகைத் தொடங்கினேன். சின்ன வயதில் மல்லிப்பட்டினத்து அத்தை வீட்டுக்குப் போகும்போது, சாயங்காலம் பாய் விரித்து வரும் வத்தைகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது எல்லாம் இன்ஜின். நாங்கள் ஆற்றையும் வாய்க்காலையும் மதகையும் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற ஊர்க்காரர்கள், கடலோ பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது, ஆனால் காற்றைப் பிடித்து ஒரு படகை நகர்த்த எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு குறையாக இருந்தது.

காயில் கம்பி

வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. முன்னும் பின்னும் சப்பையாக வெட்டினாற்போல இருக்கும் சின்னப் படகு, ஒற்றைப் பாய். இந்த வடிவத்தில் உலகம் முழுக்கத் தெரிந்தது ஆப்டிமிஸ்ட். அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த கிளார்க் மில்ஸ் 1947-ல் பிள்ளைகளுக்காக வரைந்தது, நீளம் 2.36 மீட்டர். ஏன் அந்த நீளம் என்று பிளைவுட் கடைப் பக்கம் போனவர்களுக்கு உடனே பிடிபடும். பலகை எட்டுக்கு நாலு. எட்டடிக்குள் படகை முடித்துவிட்டால் பலகையோடு பலகை சேர்த்து நீளம் கூட்டும் வேலையே கிடையாது. என்னுடையதும் அதே கணக்கில் வரைந்ததுதான்.

செய்முறை, தைத்து ஒட்டுவது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, உள்மூலையில் எபாக்ஸி என்ற பிசின் பூசி, கண்ணாடி இழை நாடா வைத்து இறுக விட்டு, அப்புறம் கம்பியை வெட்டி எடுத்துவிடுவது. 1963-ல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் பத்திரிகை, வீட்டிலேயே செய்துகொள்ளும் மிரர் என்ற படகை இந்த முறையில் கொண்டுவந்த பிறகுதான் இது பரவியது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே சோழமண்டலக் கரையில் மசூலா படகுகளைத் தென்னங்கயிற்றால் தைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆணி இல்லாததால் அலை மோதும்போது பலகை வளைந்து கொடுக்கும். இதையெல்லாம் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் நான் இந்த முறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதைவிடப் பக்கத்தில் இருந்தது. செம்புக் கம்பி. இருபது வருஷமாக என் கை தினமும் தொடும் பொருள் அது. எத்தனை முறுக்கில் இறுகும், எந்த முறுக்கில் அறுந்துபோகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆறு மில்லிமீட்டர் மரைன் பிளை பட்டுக்கோட்டையில் இல்லை. தஞ்சாவூரில் சொல்லிவைத்துப் பத்து நாள் கழித்து மூன்று பலகை வந்தது, ஐ.எஸ். 710 முத்திரையோடு. அந்தத் தரத்துப் பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குப் பிரியக்கூடாது. ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து, அம்மா குளிக்க வெந்நீர் போடும் விறகடுப்பில் ஒரு பழைய குண்டானை வைத்து, ஒரு வாரம் கொதிக்கவும் காயவும் விட்டேன். நிறம் வெளுத்தது, அடுக்கு அப்படியே இருந்தது. சுக்கானுக்கும் அதைப் பிடிக்கும் கைக்கட்டைக்கும் பூவரசு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் எங்கள் கொல்லையில் தென்னைகளோடு விழுந்த மரம். தென்னை போனதில் அப்பா ரொம்பவே உடைந்துபோனார், பூவரசை மட்டும் அறுத்துப் பலகையாக்கிப் பரண் மேல் போட்டுவைத்தார், எதற்கு என்று சொல்லவில்லை. படகுக்கு எடுத்துக்கொள்ளவா என்று கேட்டபோது, "எடுத்துக்க, அது தண்ணிக்கு அஞ்சாத மரம்" என்றார்.

தைத்தது ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் கொட்டகையில் கிடந்தது வெறும் பலகைகள், தட்டையாக, கோடு போட்டு அறுத்தவை. ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை. எட்டாவது படிக்கும் மகள் உள்பக்கத்திலிருந்து கம்பியை நுழைப்பாள், நான் வெளியே வாங்கி இரண்டு சுற்று முறுக்குவேன். அடிப்பலகையோடு பக்கப்பலகையைச் சேர்க்கச் சேர்க்க, நேராக இருந்த பலகை தானாகவே வளைய ஆரம்பித்தது. நாங்கள் யாரும் வளைக்கவில்லை. அறுத்த கோட்டிலேயே அந்த வளைவு இருந்திருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு முன்பக்கத்து அணியப் பலகையை வைத்துக் கடைசிக் கம்பியை முறுக்கினபோது கொட்டகையில் ஒரு படகு இருந்தது. மகள் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எபாக்ஸி வேலை முழுவதும் விடியற்காலையில். வெயில் ஏறினால் கலந்த கிண்ணமே சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். ஆழமான கிண்ணத்தில் கலந்தால் இன்னும் வேகமாகக் கட்டிப்படும், அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிக்கொண்டால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆசாரியிடம் சலித்து வாங்கின மரத்தூளைச் சேர்த்துப் பிசைந்தால் கெட்டியான பசை. அதை மூலையில் வைத்து ஒரு கரண்டியின் முதுகால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். நாலு காலை வேலை. நடுவில் குறுக்குப் பலகையும் வைத்து ஒட்டி முடித்தபோது ஆவணி பாதி தாண்டியிருந்தது.

இரண்டு பக்க வாட்டம்

ஒழுகுகிறதா என்று பார்க்க உள்ளே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஒழுகவில்லை. தண்ணீர் முழுவதும் பின்னால் இடது மூலையில் போய் நின்றது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, கொட்டகைத் தரை வாட்டமானது என்று தெரியும். படகு உட்கார்ந்திருந்த இரண்டு ஸ்டாண்டில், பின் ஸ்டாண்டின் இடது காலுக்கு அடியில் இரண்டு நூல் கனத்தில் ஆப்பு வைத்தேன். (எங்கள் பக்கம் ஆசாரியும் கொத்தனாரும் இன்னமும் நூல் கணக்கில்தான் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம்.) பின்பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நடுவில் நின்றது. சரி, இப்போது தண்ணீர் பரவலாக நிற்கும் என்று பார்த்தால், பின்பாதியில் மட்டும் பரவியிருந்தது. முன்பாதியில் ஒரு மெல்லிய நாக்கு மாதிரி வலப்பக்க ஓரமாக நீண்டு கிடந்தது. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அணியத்துப் பலகையில் வைத்தேன். குமிழ் இடது கோடியில் ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் ரசமட்டத்தை நம்பவில்லை, கொத்தனார்கள் வைத்திருப்பார்களே அந்த டியூப் லெவலை ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தேன். ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், வேறொன்றும் இல்லை. நடுவில் ஒரு காற்றுக்குமிழ்கூட நிற்கக்கூடாது, நின்றால் பொய் சொல்லும். மகள் ஒரு முனையை அணியத்தின் இடது மூலையில் பிடித்தாள், நான் வலது மூலையில். தண்ணீர் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக ஆடியது, அவள் பக்கம் ஏறும்போது என் பக்கம் இறங்கியது, ஆட்டம் சின்னதாகிச் சின்னதாகி ஒரு இடத்தில் நின்றது. அவள் பென்சிலால் கோடு போட்டாள், நானும் போட்டேன். அளந்தோம். இரண்டு அடி அகலமுள்ள பலகையில் இடது மூலை வலதைவிட நாலு நூல் உயரம். அரை அங்குலம். பின்பக்கம் மட்டமாக இருக்கும்போது முன்பக்கம் அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்றால், படகு முறுக்கிக்கொண்டு இருக்கிறது. ஈரத்துணியை இரண்டு கையாலும் லேசாகப் பிழிந்தாற்போல.

காரணம் தேடி அதிக நேரம் அலைய வேண்டியிருக்கவில்லை, காலடியிலேயே இருந்தது. தரை ஒரே பக்கம் சரிந்திருந்தால் படகு முறுக்காது. இரண்டு ஸ்டாண்டும் ஒரே மாதிரி சாயும், படகும் மொத்தமாகச் சாயும், அவ்வளவுதான். எங்கள் கொட்டகைத் தரை இரண்டு காலத்தில் போட்டது. பழைய பாதி அப்பா காலத்தில், கிணற்றடிப் பக்கம் தண்ணீர் ஓடும்படி. கஜாவில் கூரை பறந்த பிறகு கொட்டகையை நீட்டினபோது போட்ட புதுப் பாதி, எதிர்ப்பக்கம் வாழைக்குப் போகும்படி. அடிக்கு ஒரு நூல் வாட்டம். அந்தக் கொத்தனார் தரை போட்ட அன்று ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, அது தேங்காமல் ஓடுவதைக் குத்த வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார், எனக்கு ஞாபகம் இருக்கிறது. முன் ஸ்டாண்டு பழைய தரையில், பின் ஸ்டாண்டு புதுத் தரையில். இரண்டடி அகல ஸ்டாண்டு, இந்தப் பக்கம் இரண்டு நூல், அந்தப் பக்கம் இரண்டு நூல். கணக்கு நாலு நூலில் கச்சிதமாக வந்து நின்றது. இரண்டு கொத்தனார்களும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். நான்தான் தரையைப் பார்க்காமல் விட்டேன்.

ஏன் பார்க்கவில்லை என்பதுதான் என்னை அரித்தது. நான் சோம்பேறியாக இருக்கவில்லை. வரைபடத்தில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் மில்லிமீட்டர் பிசகாமல் பலகைக்கு மாற்றினேன், அறுத்ததை இரண்டு தடவை அளந்தேன். ஆனால் வரைபடத்தில் தரை இல்லை. வெள்ளைத் தாளில் படகு மிதந்துகொண்டிருக்கும், அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. எண்களைச் சரியாக மாற்றினால் படகு சரியாக வந்துவிடும் என்று நம்பினதால், நின்று ஒரு தரம் கண்ணால் பார்க்கவே தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்தது எந்த ஊரில்? தட்டையாகத் தெரிகிற இந்த நிலத்தில் கல்லணையிலிருந்து கடைமடை வரை தண்ணீர் தானாக ஓடுவது கண்ணுக்குத் தெரியாத வாட்டத்தால்தான். அப்பா பரம்படித்த வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் நின்று, எங்கே திட்டுத் தெரிகிறது என்று பார்த்து அந்த இடத்து மண்ணை மட்டும் இழுத்துவிடுவார். அந்தக் கண் அவருக்கு இருந்தது. நான் அதே வீட்டில், அதே தரையில், ஒரு மாதம் ஸ்டாண்டைப் போட்டு வேலை செய்திருக்கிறேன்.

மூன்று வாரம்

முதலில் அமுக்கிப் பார்த்தேன். உயர்ந்திருந்த மூலையில் இரண்டு மணல் மூட்டையை வைத்து இரண்டு நாள் விட்டேன். எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நடுக் குறுக்குப் பலகை அந்த முறுக்கைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தது. அப்படியானால் இரண்டே வழி. அப்படியே விட்டுவிடலாம், அல்லது பிரிக்கலாம்.

ஆசாரி வந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்துவிட்டு, "சொன்னாத்தான் தெரியும்" என்றார். அது உண்மை. ஓடுமா ஓடாதா என்றால் ஓடும். அரை அங்குல முறுக்கால் எட்டடிப் படகு முழுகிவிடாது. ஒரு பக்கம் காற்று வாங்கும்போது கொஞ்சம் இழுக்கும், மறுபக்கம் கொஞ்சம் கூடும், அதுவும் எனக்கு முன்பின் படகோட்டிப் பழக்கம் இல்லாததால் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மூன்று வாரம் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கடையில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரைக் கழற்றும்போதும் இதே நினைப்பு. ராத்திரி கொட்டகை விளக்கைப் போட்டு ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன், பார்க்கும் ஒவ்வொரு தரமும் அந்த மூலைதான் கண்ணில் படும்.

ஒரு வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு மல்லிப்பட்டினம் போனேன். அங்கே வத்தை கட்டிப் பழகின ஒரு ஓடாவி இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், இப்போது கையால் வேலை செய்வதில்லை, மகன்கள் ஃபைபர் படகு பழுது பார்க்கிறார்கள். போட்டோவைக் காட்டினேன். கம்பியால் தைத்ததைப் பார்த்து, "மெட்ராஸ் பக்கம் அலையில இறக்குற படகு இப்படித்தான் கயித்துல தச்சிருப்பாங்க" என்றார். முறுக்கு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"கோணல் இல்லாத வத்தை ஏது தம்பி? மரம்தானே. நான் கட்டினதுல ஒண்ணு, வலப்பக்கம் காத்து வாங்கினா பிச்சுக்கிட்டுப் போகும், இடப்பக்கம் வாங்கினா அலுத்துக்கும். அடியில ஓடுற ஏராக் கட்டை காயாத மரம், முதல் வருசமே முறுக்கிருச்சு. வலைக்கூடைய எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"அப்ப இதையும் விட்டுறலாமா, ஓடாவி பாய்?"

"விடுங்க. ஓடும்."

அவர் அதோடு நிற்கவில்லை. அவர் கட்டின படகுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இதில் பின்பக்கத்து அமரம் ஒரு விரல் தாழ்வு, அதில் மூன்றாவது வங்கு (உள்ளே வரும் விலாக்கட்டை) கருவேலத்தில் வளைவு சரியாகக் கிடைக்காமல் வேம்பு போட்டது, இன்னொன்றில் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து இடதுபக்கம் இரண்டு தரம் அடிக்க வேண்டியிருந்தது. முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தின படகுகள், பாதி இப்போது விறகாகியிருக்கும். ஒவ்வொன்றின் கோணலும் அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி வந்தது, எந்த நாளில் வந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பது வரை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்துவிட்டேன். அவர் விடச் சொன்னார், நான் பிரிப்பதென்று முடிவெடுத்தேன், ஆனால் அவர் பேச்சைக் கேட்டதால்தான் எடுத்தேன். அவருடைய படகில் இருக்கும் கோணல் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. மரம் முறுக்கிற்று, அவர் பார்த்தார், வேறு மரம் இல்லை, சரி என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டார். என்னுடையது நான் பார்க்காததால் வந்தது. நான் விட்டுவிட்டால் அது ஏற்றுக்கொண்டதாகாது. முதல் படகு இது, இதற்குமுன் எனக்குக் கைப்பழக்கம் எதுவும் கிடையாது. கடலில் ஏதாவது சரியில்லாமல் போனால் அது காற்றா, என் கையா, பாயா, முறுக்கா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியே இருக்காது. எதற்கெடுத்தாலும் அந்த நாலு நூலைச் சொல்லிக்கொண்டே ஆயுசுக்கும் ஓட்ட வேண்டியதுதான். ஆசாரிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிரித்தது

சுருங்கு ஸ்லீவ் போட வைத்திருக்கும் ஹீட் கன் கடையில் இருந்தது. எபாக்ஸி சூடு பட்டால் இளகும். இடது பக்க மூட்டில் நடுப்பலகையிலிருந்து அணியம் வரை, அப்புறம் நடுப்பலகையின் மூட்டு. இரண்டையும் மட்டும் திறந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஒரு சாண் நீளம் சூடு காட்டுவது, நாடாவின் முனையைப் பட்டைக் கத்தியால் கிளப்புவது, கிளம்பினதைக் குறட்டால் பிடித்து மெதுவாக இழுப்பது. அவசரப்பட்டால் பிளையின் மேல் அடுக்கும் கூடவே வந்துவிடும், இரண்டு இடத்தில் வந்தது. நாலு காலையில் ஒட்டினதை ஏழு சாயங்காலத்தில் பிரித்தேன். கடைசி ஜாண் கழன்றபோது பலகை "டக்" என்று ஒரு சத்தத்தோடு தானாகக் கீழே இறங்கியது. அளந்து பார்க்காமலே, அது முறுக்கை விட்ட சத்தம் என்று தெரிந்தது.

இந்த முறை படகைத் தொடுவதற்கு முன் தரையைப் பார்த்தேன். நாலு கால்களுக்கும் கீழே பலகைத் துண்டு வைத்து, டியூப் லெவலால் நாலு மூலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். அணியத்திலிருந்து பின்பலகை வரை நடுவில் நூல் கட்டினோம். முன்னும் பின்னும் இரண்டு அலுமினியச் சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு மற்றதை மறைக்கிறதா என்று குனிந்து பார்த்தோம். மகள்தான் முதலில் கவனித்தாள், "இன்னும் ஒரு மயிரிழை இருக்குப்பா" என்று. இருந்தது. ஒரு அட்டைத் துண்டு மடித்து வைத்தோம், போயிற்று. மறுபடி காயில் கம்பி, மறுபடி முறுக்கு.

அதற்குள் ஐப்பசி. அடைமழை பிடித்துக்கொண்டது. காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது எபாக்ஸி காய்ந்தாலும் மேலே எண்ணெய் தடவினாற்போல ஒரு பிசுக்குப் படியும், அதைக் கழுவாமல் அடுத்த பூச்சுப் போட்டால் ஒட்டாது. ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் தண்ணீர் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு. கோடையில் ஒரு நாளில் முடிகிற வேலை மூன்று நாள் ஆனது. மார்கழிக் கடைசியில்தான் பெயின்ட் அடித்தேன். பாய்மரம் சவுக்கு, பாயைக் கட்டும் பருமல் கழிக்கு மூங்கில், பாய்க்கு நெல் மூட்டைகளை மூடுகிற நீலத் தார்ப்பாய், படுதா தைக்கிற கடையில் கொடுத்து ஓரம் மடித்து வளையம் அடித்தது.

மனோரா

மனோரா கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தக் கோபுரம் இல்லை, அங்கே கடல் அமைதி. நாகப்பட்டினம் பக்கம் போல அலை உடைவதில்லை, வெகுதூரம் இடுப்பளவுதான் தண்ணீர், கீழே கடற்புல். ஆவுளியா, அதாவது கடல்பசு, மேய்கிற இடம். 2022-ல் இந்தக் கடற்பகுதியைத்தான் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், 448 சதுர கிலோமீட்டர். அந்தப் புல்லுக்கு மேலே மோட்டார் இல்லாமல் போவதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் நான் இறக்க மாட்டேன், பழகாதவனை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். மாசியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடை தளர்ந்து இதமாக, கரையை ஒட்டி வீசும். வெளியே போகும்போது இடப்பக்கக் காற்று, திரும்பும்போது வலப்பக்கக் காற்று. எனக்குத் தெரிய வேண்டியதும் அதுதானே.

கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நானும் மகளும் ஏறினோம். ஓடாவியார் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாயின் கயிறான தாமானை இழுத்ததும் தார்ப்பாய் படபடத்து, அப்புறம் சட்டென்று அடங்கி வயிறு தள்ளியது. படகு நகர்ந்தது. பலகைக்குக் கீழே தண்ணீர் சலசலக்கிற சத்தம், அது மட்டும்தான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

கால் மணி நேரம் வெளியே போய்த் திருப்பினோம். திரும்பி வரும்போது தெளிவாகத் தெரிந்தது, போனதைவிட வேகமாக வருகிறது. சுக்கான் கையில் இலேசாக இருக்கிறது. போகும்போது கொஞ்சம் கனமாக, அலுத்துக்கொண்டு போன படகு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இவ்வளவு செய்தும் முறுக்கு இன்னும் எங்கோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கரையில் இறங்கியதும் ஓடாவியாரிடம் முதல் வார்த்தையாக அதையே சொன்னேன்.

அவர் படகைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தார். எழுந்து முழங்கால் தண்ணீரில் வந்து நின்று, பருமலைத் தொட்டுக் காட்டினார். "இது மரத்துக்கு இடப்பக்கம் தொங்குது. இடப்பக்கம் காத்து வாங்கினா பாய் போயி மரத்துலேயே ஒட்டிக்கிது, வயிறு விழல. நாங்க திருப்பும்போது பருமலையும் மரத்துக்கு மறுபக்கம் கொண்டு போயிருவோம். நீங்க கட்டுனது கட்டுனபடி விட்டுட்டீங்க." கயிற்றை இளக்கிப் பாயை இறக்கச் சொன்னார், பருமலை மரத்தின் வலப்பக்கம் மாற்றிவைத்து மறுபடி ஏற்றச் சொன்னார். "இப்பப் போயிட்டு வாங்க. இப்பப் போறப்ப ஓடும், வர்றப்ப அலுக்கும். அப்படி இருந்தா உங்க படகு நேர்."

போனோம். போகும்போது ஓடியது. திருப்பினேன், காற்று வலப்பக்கம் வந்தது, பாய் மரத்தில் போய் ஒட்டியது, படகு அலுத்துக்கொண்டு மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கரைக்கு வந்தது. அவ்வளவு மெதுவாக வந்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தைக் கரையில் நின்றவர்கள் யாருக்கும் விளக்க முடியவில்லை. ஓடாவியார் மட்டும் நாற்காலியிலிருந்தபடியே கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கிடையாக வைத்துக் காட்டினார்.